நகரி பக்கத்துக் கர்ண மோட்சம்: ஆட்டம் எப்படி?

ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியை ஒட்டிய ஒரு கிராமத்தில், தர்மராஜா கோயில் பாரதத் திருவிழாவுக்கு வைத்த தெருக்கூத்து. ராத்திரி 10.15-க்குத் திரை பிடித்தார்கள், விடியக்காலை 5.30-க்கு முடிந்தது.

கதை, பாரதப் போரில் கர்ணன் சாகிற 17-ஆம் நாள். அர்ஜுனன் தன் தம்பி என்று கர்ணனுக்குத் தெரியும், அர்ஜுனனுக்கு ஒன்றும் தெரியாது. கூத்தின் கனமே இதுதான். கர்ண வேடம் கட்டியவர் வில்லெடுக்கும்போதெல்லாம் ஒரு தாளம் தயங்கினார். மிருதங்கமும் அங்கே கை எடுத்து வழிவிட்டது. நல்ல ஜமா (கூத்துக் குழு).

கர்ணன் மனைவி பொன்னுருவி வந்த கட்டம் இன்னும் மேல். விடை கேட்டு நிற்கிற புருஷனை, முகம் கொடுக்காமல் தேரோட்டி மகன் என்று ஏசுகிறாள். தான் குந்தி பெற்ற பிள்ளை என்று அவன் சொன்னதும், இடுப்பில் ஊன்றியிருந்த அவள் கை மெல்ல நழுவி இறங்கியது. பாட்டும் இல்லை, அடவும் இல்லை. அண்ணன் தம்பியை எதிரெதிரே நிறுத்தியது மண்ணாசையைவிடப் பிறப்பைச் சொல்லி அடித்த அடி என்பது அந்தக் கையிலேயே தெரிந்துவிட்டது.

குறையும் உண்டு. நாகாஸ்திரத்தை ஒரு தடவைக்கு மேல் விடமாட்டேன் என்று கர்ணன் குந்திக்குக் கொடுத்த வாக்கைச் சொல்லவே இல்லை. அது தெரியாத பிள்ளைகளுக்கு அவன் ஏன் மறுபடி விடவில்லை என்பது புரியாது. கதையை நடத்திச் சிரிக்கவைக்கிற கட்டியக்காரன் தெலுங்கும் தமிழும் கலந்து ஒன்றரை மணி நேரம் பேசியதில் நேரம் போய், கிருஷ்ணன் கிழப் பிராமணனாக வந்து புண்ணியத்தைத் தானம் வாங்குவது பத்தே நிமிஷத்தில் ஓடியது. எல்லைக் கிராமத்தில் அந்தக் கலப்புப் பேச்சு வேண்டியதுதான், ஆனால் முக்கால் மணி நேரம் போதும்.

மைக்கை நடுக்களத்தில் நட்டது பெரிய தப்பு. தோளில் கட்டிய புஜக்கட்டையோடு கிறிக்கி அடிக்க (வேகமாகச் சுழன்று ஆட) இடமில்லாமல் ஆட்டக்காரர் இரண்டு சுற்றிலேயே நிறுத்திக்கொண்டார். முகவீணை (நாதஸ்வரம் போன்ற சின்னக் குழல்) வாசிப்பவர் மைக்கை ஒட்டி உட்கார்ந்ததால் ஹாரன் ஒலிபெருக்கியில் அதன் கீச்சு மட்டுமே கேட்டது. கர்ணனை மடியில் போட்டுக் குந்தி அழுதது, முழு ஊரும் காத்திருந்த அந்த ஒப்பாரி, மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை.

அடுத்து ஆட்டம் வைக்கிற ஊர்கள் பந்தலின் குறுக்குக் கம்பில் இரண்டு மைக்கைத் தலைக்கு மேலே தொங்கவிடுங்கள். ஆட்டக்காரருக்குப் பின்னாலிருந்து பாடுகிற பின்பாட்டுக்குத் தனியாக ஒன்று வையுங்கள். முகவீணைக்காரர் மைக்கிலிருந்து இரண்டு முழமாவது தள்ளி உட்காரட்டும். குந்தி வாங்கிய வாக்கை ஒரு விருத்தத்திலாவது பாடச் சொல்லி, ஆட்டத்தை உறுதிசெய்து வெற்றிலை பாக்கு மாற்றும்போதே பேசிவிடுங்கள்.