முதியவருக்குத் தனித்தனி மருத்துவர்களா, வீட்டருகே ஒரே குழுவா?

அம்மாவின் மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். ஒரே மருந்து, இரண்டு பெயரில். எழுதியவர்கள் இரண்டு மருத்துவர்கள்.

மருந்து: தனித்தனியாகப் போனால் இப்படித்தான் சேரும். மருத்துவர், செவிலியர் சேர்ந்த குழுவில் ஒருவரே முழுப் பட்டியலையும் பார்த்து, வேண்டாததை நிறுத்தச் சொல்வார்.

அலைச்சல்: தனித்தனி மருத்துவர் என்றால் ஒவ்வொருவருக்கும் ஒரு நாள். குழு என்றால் செவிலியர் வீட்டுக்கே வரலாம்.

பார்வை: நிபுணர் நோயைப் பார்ப்பார். குழு ஆளைப் பார்க்கும். உலக சுகாதார அமைப்பின் 2019 முதியோர் பராமரிப்புக் கையேடு கவனிக்கச் சொல்லும் ஆறு விஷயங்கள்: நினைவு, நடமாட்டம், ஊட்டம், கண், காது, மனம். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 14 நொடிக்குள் 5 முறை எழ முடிகிறதா என்பதும் அதில் ஒரு சோதனை. “உங்களுக்கு எது முக்கியம்?” என்ற கேள்வியும் உண்டு, எனக்கு அதுதான் பெரிது.

கண்புரை போல ஒரே தெளிவான பிரச்சினையா? நேராக நிபுணரிடம் போங்கள். பல நோய், தள்ளாட்டம், மறதி சேர்ந்திருந்தால் குழுதான். நிபுணர் தேவைப்பட்டால் அவர்களே அனுப்புவார்கள்.