ஒழுகும் படகு ஜன்னல்: மேலே பூசுவதா, கழற்றி மாட்டுவதா, ஒட்டிவிடுவதா?

சென்னைத் துறைமுகத்தில் நிற்கும் எங்கள் 28 அடி ஃபைபர் பாய்மரப் படகுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. என்ஜினும் பாயும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் போன ஐப்பசி மழையில் கேபினுக்குள் மெத்தை நனைந்து, மூன்றே நாளில் பூஞ்சை வாடை வந்துவிட்டது.

காசிமேட்டில் ஃபைபர் படகு வேலை செய்யும் அண்ணன் ஒருவரைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் முதலில் ஜன்னலைப் பார்க்கவே இல்லை. ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் ஜன்னலுக்குக் கீழே சுவரைத் தட்டிக்கொண்டே வந்தார். டக் டக் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று மாறியது. "தம்பி, தண்ணி சொட்டுற இடம் வேற, நுழையுற இடம் வேற. உள்ளே பலகை ஊறிக் கிடக்குது" என்றார். ஃபைபர் சுவரின் இரண்டு அடுக்குக்கு நடுவில் வைத்திருக்கும் பலகையைத்தான் சொன்னார். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் இதை ஒரு சின்னக் கசிவு என்று நினைப்பதை விட்டேன்.

இந்த ஜன்னல்கள் ஏன் ஒழுகுகின்றன? கண்ணாடி என்று நாம் சொல்வது பெரும்பாலும் அக்ரிலிக் ஷீட். வெயிலில் அது அலுமினியத்தைவிட மூன்று மடங்கு விரியும். ஒரு மீட்டர் நீள ஷீட், வெப்பம் 30 டிகிரி ஏறினால் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். அதே நீள அலுமினிய ஃப்ரேம் 0.7 மில்லிமீட்டர்தான் நீளும். சித்திரை வெயிலில் தினமும் இப்படி நீண்டு சுருங்கினால், நடுவில் இருக்கும் பழைய பசை விட்டுப்போகத்தான் செய்யும். ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும், அந்த 2 மில்லிமீட்டர் அசைவைத் தாங்குமா என்பதே முதல் கேள்வி.

எல்லோரும் முதலில் செய்வது, ஃப்ரேமின் ஓரத்தில் வெளியிலிருந்து சிலிக்கான் இழுப்பது. நானும் இரண்டு வருடம் அதைத்தான் செய்தேன். வேண்டாம். ஒரு வழியை அடைத்தால் தண்ணீர் அடுத்த திருகு ஓட்டை வழியாக நுழையும். நுழைந்த தண்ணீர் வெளியேற இருந்த இடுக்கையும் அடைத்துவிடுகிறோம். அதைவிட மோசம், சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு பெயின்டோ வேறு பசையோ சரியாகப் பிடிக்காது. மழைக்கு நடுவில் அவசரம் என்றால் அகலமான டேப்பை ஒட்டி வையுங்கள், போதும்.

சரியான வழி, ஃப்ரேமை முழுதாகக் கழற்றுவது. எஃகுத் திருகும் அலுமினியமும் உப்புக்காற்றில் சேர்ந்து வெள்ளைப் பொடி பூத்து இறுகியிருக்கும். சூடு காட்டி, மெதுவாகத் தட்டி எடுக்க வேண்டும். எங்கள் படகில் நான்காவது திருகை எடுத்ததும் ஓட்டையிலிருந்து டீ டிகாஷன் நிறத்தில் தண்ணீர் வழிந்தது. ஊறிய பலகையைச் சுரண்டி எடுத்து, காய வைத்து, எபாக்ஸி என்னும் இறுகும் பிசினால் அடைக்காமல் ஃப்ரேமைத் திரும்ப மாட்டுவதில் அர்த்தமே இல்லை.

திரும்ப மாட்ட எது? ப்யூட்டைல் டேப் என்னும் ஒட்டும் ரப்பர் பட்டைக்குத்தான் என் ஓட்டு. அது என்றைக்கும் இறுகாது, சூயிங்கம் போலவே இருக்கும். அதனால் அசைவோடு சேர்ந்து இழுபடும். பத்து வருடம் கழித்துக் கழற்ற வேண்டியிருந்தாலும் ஃப்ரேம் வளையாமல் வரும். ஆனால் அதற்குத் திருகின் அழுத்தம் கட்டாயம் வேண்டும். ஒரே நாளில் இறுக்கிவிடக் கூடாது. வெயில் ஏறி டேப் இளகும் நேரமாகப் பார்த்து, நாலைந்து நாள் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். பிதுங்குவதைப் பிளாஸ்டிக் அட்டையால் வழித்துவிடலாம். தின்னர், அசிட்டோன் எதுவும் அக்ரிலிக் பக்கம் போகக் கூடாது. மயிரிழை போல விரிசல் விழுந்துவிடும்.

பாலியூரித்தேன் பசை இதைவிட உறுதியாகப் பிடிக்கும். பிரச்சினையே அந்த உறுதிதான். அடுத்த முறை ஃப்ரேமை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். பாலிசல்ஃபைட் பசை டெக்கில் இரும்புச் சாமான் பொருத்த நல்லது. அக்ரிலிக்கையும், ஜன்னலுக்குப் போடும் இன்னொரு பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட்டையும் அது கெடுக்கும் என்பதால் ஜன்னலுக்கு ஆகாது.

ஃப்ரேம் வளைந்தோ அரித்தோ போயிருந்தால்? அப்போது அதைத் தூக்கி எறிந்துவிட்டு, ஓட்டையைவிடப் பெரிய அக்ரிலிக் ஷீட்டை வெளிப்பக்கமாக வைத்து ஒட்டிவிடுவது நல்ல வழி. தடித்த இருபக்க நுரை டேப் ஷீட்டைத் தாங்கி நிற்கும். அந்த டேப்பின் தடிமன்தான் பசைக்கு அசைய இடம் கொடுக்கிறது. அதைச் சுற்றி, வினிகர் வாடை வராத ஸ்ட்ரக்சுரல் சிலிக்கான், அதாவது ஷீட்டையே பிடித்து நிறுத்தும் உறுதியான வகை. மேலே சிலிக்கானைத் திட்டினேன், இங்கே அதையே பரிந்துரைக்கிறேன். காரணம், வெயில் அக்ரிலிக்கை ஊடுருவி வந்து பாலியூரித்தேனைக் கெடுக்கும், சிலிக்கானை ஒன்றும் செய்யாது. நம் ஊர் ஈரக்காற்றில் இந்தப் பசைகள் சீக்கிரம் தோல் கட்டிவிடும். ஆகவே ஒரு ஜன்னலை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும்.

பாலிகார்பனேட் ஷீட் உடையாது என்று கடையில் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் சீக்கிரம் கீறும், வெயிலில் மஞ்சளாகும். எனக்கு அக்ரிலிக்கே போதும்.

எங்கள் படகில் ஃப்ரேம் நேராக இருந்ததால் ப்யூட்டைலோடு நின்றுவிட்டோம். முடித்ததும் எல்லாத் திறப்பையும் டேப்பால் மூடி, ஒரு புளோயரை வைத்துக் கேபினுக்குள் லேசாகக் காற்றடித்தோம். அண்ணன் வெளியே நின்று ஃப்ரேம் ஓரமெல்லாம் சோப்புத் தண்ணீரைப் பிரஷால் தடவினார். இடதுபக்க முன் ஜன்னலின் கீழ் மூலையில் மட்டும் குமிழி கிளம்பியது. பக்கத்துத் திருகுகள் இரண்டையும் அரைச் சுற்று திருப்பினார், நின்றுவிட்டது.