ஹாப்பி எண்ட்: டோக்கியோ தட்டா, லாஸ் ஏஞ்சல்ஸ் தட்டா?

ஜப்பானிய மொழி ராக் இசைக்குப் பொருந்துமா என்ற வாதம் சூடாக நடந்த காலத்தில், 1971-இல், ஹாப்பி எண்ட் என்ற ஜப்பானிய ராக் குழுவின் ‘கசேமாச்சி ரோமன்’ இசைத்தட்டு வெளிவந்தது. 1964 ஒலிம்பிக்ஸுக்கு முந்தைய டோக்கியோவின் தொலைந்த தெருக்களை வரிகளில் மீட்டவர் டிரம்ஸ் வாசித்த தகாஷி மாட்சுமோட்டோ. ஒரு பாடலில், காலை மூடுபனிக்குள் டிராம் வண்டி கடலைக் கடக்கிறது. குழுவின் பாஸ் கிட்டார் கலைஞரும் பாடகருமான ஹருஓமி ஹோசோனோவின் தணிந்த குரல் அந்தக் காட்சியைக் கலைக்காமல் ஏந்திச் செல்கிறது. 2007-இல் ரோலிங் ஸ்டோன் இசை இதழின் ஜப்பான் பதிப்பு, தலைசிறந்த ஜப்பானிய ராக் ஆல்பங்களில் இதற்கே முதலிடம் தந்தது.

இதே குழுவின், 1973-இல் வந்த தட்டு லாஸ் ஏஞ்சல்ஸில் பதிவானது. அமெரிக்க இசையமைப்பாளர் வான் டைக் பார்க்ஸும் லிட்டில் ஃபீட் என்ற அமெரிக்க ராக் குழுவின் கலைஞர்களும் கைகொடுத்தார்கள். ஒலி பளிச்சென்று இருக்கிறது. ஆனால் கடைக்கு வருவதற்குள் குழுவே கலைந்துவிட்டது. அரிய முயற்சிதான், மறுக்கவில்லை. இருந்தாலும் நான் திரும்பத் திரும்ப ஏறுவது அந்த டிராம் வண்டியில்தான்.