மண்ணாவி சோதனை: கைமீட்டரா, கேனிஸ்டரா?

பெட்ரோல் பங்கில் கசிவு எந்தப் பக்கம் என்று மண்ணுக்குள் இருக்கும் ஆவியை வைத்துத் தேட, பி.ஐ.டி. என்ற கைமீட்டர் (புறஊதா விளக்கால் ஆவியை அளப்பது) போதும். அதன் 10.6 இ.வி. (எலக்ட்ரான் வோல்ட்) விளக்கு பெட்ரோலில் உள்ள நச்சான பென்சீனைப் பிடிக்கும். ஆனால் எல்லா ஆவியையும் ஒரே எண்ணாகத்தான் காட்டும். மீத்தேன் தெரியவே தெரியாது. விளக்கில் ஈரம் படிந்தால் எண்ணையும் நம்ப முடியாது.

பென்சீன் மட்டும் எவ்வளவு? அதற்கு எஃகு கேனிஸ்டரும் (உள்ளே வெற்றிடமாக்கிய கலம்), ஆவிகளைத் தனித்தனியாக அளக்கும் அமெரிக்க டி.ஓ.-15 ஆய்வகச் சோதனையும்தான். செலவு கூடுதல், நாளும் ஆகும். மண்ணில் இறக்கிய குழாயைச் சுற்றி நனைத்த பென்டோனைட் களிமண் அடைத்து, குழாயின் உள்ளளவைப் போல 3 மடங்கு காற்றை வெளியேற்றி, நிமிடத்துக்கு 200 மி.லி.க்கு மிகாமல் கேனிஸ்டருக்குள் இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் மேற்காற்று கலந்து மாதிரி நீர்த்துவிடும்; சுற்றிலும் ஹீலியம் விட்டிருந்தால் அது மாதிரியில் தென்பட்டு குட்டு வெளிப்படும். கேனிஸ்டரில் கொஞ்சம் வெற்றிடம் மிச்சமிருக்கும்போதே வால்வை மூடுங்கள். ஆய்வகத்துக்குப் போகும் வழியில் ஒழுகியதா என்பது அதை வைத்துத்தான் தெரியும்.

பெருமழை பெய்த கையோடு எடுத்தால் இரண்டுமே ஏமாற்றும்.