இன்டக்ரேட்டடா, மாடுலரா?

வணிக விமானி உரிமம், அதாவது சிபிஎல், வாங்க இரண்டு வழி உண்டு. ஒரே பள்ளியில் சேர்ந்து, தரைப் பாடம் முதல் மல்டி என்ஜின் (ஒன்றுக்கு மேற்பட்ட என்ஜின் உள்ள விமானம்), இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (வெளியே தெரியாதபோது கருவிகளைப் பார்த்தே பறக்கும் தகுதி) வரை ஒரே மூச்சில் முடிப்பது இன்டக்ரேட்டட். முதலில் தனியார் விமானி உரிமம், அப்புறம் மணி நேரம் சேர்ப்பது, அதன் பிறகு சிபிஎல் என்று ஒவ்வொன்றாக ஏறுவது மாடுலர். நான் மாடுலரில் போனவன். யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

இன்டக்ரேட்டட் சீக்கிரம் முடியும். மாடுலரில் பணத்தைக் கட்டம் கட்டமாகக் கட்டலாம், வேலையையும் விட வேண்டாம். இது எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான்.

எனக்கு முடிவைத் தந்தது கமாண்ட் நேரம், அதாவது விமானத்துக்கு நாமே பொறுப்பாக இருந்து பறக்கும் நேரம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் விதிப்படி சிபிஎல்லுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அதில் 100 மணி பைலட் இன் கமாண்டாக. இன்டக்ரேட்டட் போல அங்கீகரிக்கப்பட்ட முழுப் பயிற்சி என்றால் 150 மணியும் அதில் 70-ம் போதும். நாட்டுக்கு நாடு விதி கொஞ்சம் மாறும். 30 மணிதானே என்று தோன்றும். ஆனால் தனியார் உரிமம் கையில் இருப்பவரின் மணி நேரமே வேறு. பயிற்சி மாணவர் தனியாகப் பறக்கும் சோலோவுக்கு இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்துப் போட வேண்டும். வானிலையை அவரும் பார்த்திருப்பார். உரிமம் வந்த பிறகு போகலாமா, வேண்டாமா என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம்.

மணி நேரம் சேர்க்கும் நாட்களில் ஒருமுறை, செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தில் தனியாகப் போகும்போது எதிரே மேகமட்டம் இறங்கிக்கொண்டே வந்தது. கிளம்பும் முன் இறக்கைமேல் ஏறி டிப்ஸ்டிக் விட்டு அளந்த எரிபொருள், மணிக்கு ஏறக்குறைய 35 லிட்டர் செலவு, கடைசி அரை மணி கையிருப்பு. மூன்றையும் பயணக் கணக்குத் தாளான நேவிகேஷன் லாக்கின் ஓரத்தில் கூட்டிக் கழித்தேன். இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம் என்று மனசு இழுத்தது. தரை நன்றாகத் தெரியும்போதே திரும்பி, மாற்று விமான நிலையத்தில் இறங்கிவிட்டேன். இன்ஸ்ட்ரக்டர் உட்காரும் வலது இருக்கை காலியாக இருந்ததால்தான் அந்த முடிவு முழுக்க என்னுடையதாக இருந்தது.

இன்டக்ரேட்டடின் பலம் தொடர்ச்சி. இன்ஸ்ட்ருமென்ட் பறத்தலில் சில வாரம் இடைவெளி விட்டாலே கண் ஒரு கருவியில் ஒட்டிக்கொள்ளும், உயரம் நழுவும். பழைய நிலைக்கு வர மறுபடி காசு கொடுத்துப் பறக்க வேண்டும். இருவர் சேர்ந்து ஓட்டும் ஒழுங்கும் அந்த மாணவர்களுக்குச் சீக்கிரம் படிகிறது. சில ஏர்லைன்கள் தங்களோடு ஒப்பந்தம் உள்ள பள்ளிகளின் மாணவர்களையே முதலில் எடுக்கின்றன. ஏர்லைன் தேர்வில் நான் இன்னும் உட்காரவில்லை. அங்கே என் 100 மணிக்கு எவ்வளவு மதிப்பு என்று உறுதி சொல்ல மாட்டேன்.

மாடுலர் என்று முடிவு செய்தால், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கான பணம் மொத்தமும் சேர்ந்த பிறகே அந்தக் கட்டத்தைத் தொடங்குங்கள். பள்ளி மாறும்போது பயிற்சிப் பதிவேட்டின் நகலையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.