தேக்கடி மூங்கில் தெப்பப் பயணம்: ஒரு முழுநாளின் மதிப்புரை

சென்ற டிசம்பரில் நாங்கள் நால்வர் தேக்கடியில் முழுநாள் மூங்கில் தெப்பப் பயணம் சென்று வந்தோம். பெரியாறு புலிகள் காப்பகம் நடத்தும் இப்பயணம் காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலை ஐந்து மணிக்கு முடிகிறது. இதற்கான கட்டணம் ஒன்றரை மணி நேரப் படகுச் சவாரிக்கு ஆவதைப் போலப் பல மடங்கு. அவ்வளவு கொடுத்துச் செல்லத் தகுமா என்று எங்கள் ஊரில் பலரும் கேட்டதால்தான் இதை எழுதுகிறேன். தகும் என்பதே என் கருத்து. அதற்குக் காட்சிகளைவிட, அந்தப் பணம் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதையே முதன்மையான காரணமாகக் கருதுகிறேன்.

காப்பகத்தின் நடைப்பயணங்களையும் தெப்பப் பயணத்தையும் வழிநடத்துவோர் சூழல் மேம்பாட்டுக் குழுக்களாக அமைந்த உள்ளூர் மக்கள். 1996 முதல் 2004 வரை நடைபெற்ற இந்திய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்போது இக்குழுக்கள் உருவாயின. வயணப்பட்டை எனப்படும் காட்டு இலவங்கப்பட்டையைக் களவாக உரித்து விற்று, வழக்குகளிலும் கடனிலும் சிக்கியிருந்த சிலர், வழக்குகளைக் கைவிட வனத்துறை இசைந்ததன் பேரில் காட்டைக் காக்கும் பணிக்கு வந்தார்கள். எந்தப் பாறையின் பின்னால் பட்டை உரிப்பவன் இரவில் தங்குவான் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கள்ள வேட்டையைத் தடுப்பதில் அந்த அறிவு எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டு எல்லைக்குள் வாழ்ந்து, அதே தொழிலில் இருந்தவர்களைக் கொண்டு ‘விடியல்’ என்ற குழுவும் பின்னர் அமைந்தது. புலித்தடம் எனப்படும், கூடாரத்தில் தங்கிச் செல்லும் நடைப்பயணத்தில் வழிகாட்டிகளாக வருவோர் இத்தகையவர்களே. 2004-இல் தொடங்கப்பட்ட பெரியாறு அறக்கட்டளை, சுற்றுலா வருவாயைக் காப்பகத்துக்கும் இம்மக்களுக்கும் செலவிட வழிசெய்தது. குமுளிப் பகுதிப் பெண்கள் ‘வசந்த சேனை’ என்ற பெயரில் 2002 முதல் ஊதியமின்றி முறைவைத்துக் காட்டுக்குள் ரோந்து செல்வதையும் இங்கே நன்றியுடன் குறிப்பிட விரும்புகிறேன்.

இனிப் பயணத்துக்கு வருகிறேன். சொந்த வண்டியில் வருவோர் அதை ஆனவச்சால் நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு, வனத்துறைப் பேருந்தில் படகுத்துறைக்குச் செல்ல வேண்டும். நாங்கள் கம்பத்திலிருந்து குமுளிக்கு அரசுப் பேருந்திலேயே போய்விட்டதால் அந்த அலைச்சல் இல்லை. இரத்தம் உறிஞ்சும் அட்டைகள் கடிக்காமலிருக்க, புறப்படுமுன் முழங்கால் வரை வரும் காலுறைகளைக் கொடுத்து, மேலே மூக்குப்பொடி தூவிவிட்டார்கள். ஒரு குழுவில் பத்துப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை; துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் ஒருவரும் உடன் வருகிறார். முதலில் நடை, பிறகு தெப்பம், மீண்டும் நடை என்று பகல் கழிகிறது. மதிய உணவு கட்டணத்திலேயே அடங்கும். அது எளிமையானது, பசிக்கு நன்றாக இருந்தது.

மூங்கில்களைச் சேர்த்துக் கட்டிய அந்தத் தெப்பத்தில் இயந்திரம் கிடையாது. துடுப்பு நீரைத் தொடும் ஓசையைத் தவிர வேறொன்றும் கேட்காத அந்த அமைதியில்தான், முன்பு இரண்டு முறை இரைச்சலிடும் படகில் இதே ஏரியைச் சுற்றியும் நான் எதையும் கேட்கவில்லை என்பதை உணர்ந்தேன். கருமந்தி ஒன்று கரையோர மரத்திலிருந்து கூவிய குரல் எதிர்மலையில் மோதித் திரும்பியது. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்து நீர் நிறைந்தபோது மூழ்கிய மரங்களின் பட்டுப்போன அடிமரங்கள் இன்றும் நீருக்கு மேல் நிற்கின்றன. அவற்றின் மேல் பாம்புத்தாராக்களும் நீர்க்காகங்களும் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்ததை வெகுநேரம் பார்த்தோம். இந்த நீர்தான் சுரங்கத்தின் வழியே மலையைக் கடந்து, லோயர் கேம்ப் மின்நிலையத்தில் இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாய்கிறது. அந்த வயல்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அதன் பிறப்பிடத்தில் குரலைத் தாழ்த்திப் பேசத்தான் தோன்றியது.

நண்பகலுக்கு முன் புல்வெளிச் சரிவில் எட்டுக் காட்டெருதுகள் மேய்வதைக் கண்டோம். எங்கள் குழுவில் வந்த ஒருவர், நல்ல படம் எடுக்க வேண்டும், தெப்பத்தை இன்னும் கரைக்கு நெருக்கமாகக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டார். கூடுதலாகப் பணம் தருவதாகவும் மெல்லச் சொன்னார். மன்னான் பழங்குடியினரின் குடியிருப்பைச் சேர்ந்த மூத்த வழிகாட்டி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, “வேண்டாம் சார், கன்னு இருக்கு. நாம கிட்டப் போனா மேயாம ஏறிப் போயிரும்” என்று சொல்லிவிட்டு, தெப்பத்தை நின்ற இடத்திலேயே மிதக்கவிட்டார். தலை உயர்த்திப் பார்த்த மாடுகள் சற்று நேரத்தில் மீண்டும் மேயத் தொடங்கின. அன்றைய நாளில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சேவை அந்த மறுப்புதான். விருந்தாளியின் பணத்தை மறுக்கும் உறுதி, அந்தக் காட்டோடு தன் வாழ்வு பிணைந்திருப்பவருக்கே வரும் என்று நம்புகிறேன்.

இதற்கு நேர்மாறான அனுபவம் முந்தைய நாள் மாலை நாங்கள் தங்கிய விடுதியில் ஏற்பட்டது. அங்கிருந்த ஒருவர், தெப்பத்தில் போனால் ஒன்றும் தெரியாது, தான் ஏற்பாடு செய்யும் ஜீப்பில் வந்தால் யானையைக் கட்டாயம் காட்டுவதாக வற்புறுத்தினார். யானையைக் கட்டாயம் காட்ட வேண்டுமானால் அதைத் துரத்தியோ மறித்தோதான் காட்ட முடியும். அப்படி வாக்குறுதி தருபவர்களிடம் தயவுசெய்து பணம் கொடுக்காதீர்கள். அவ்விடுதி அறையில் நாள்தோறும் நான்கு நெகிழிப் புட்டிகளில் தண்ணீர் வைக்கப்பட்டதும் வருத்தமளித்தது. சொந்தப் புட்டியை வீட்டிலிருந்தே கொண்டுபோவது நல்லது.

குறைகளாகச் சிலர் கருதக்கூடியவற்றையும் சொல்லிவிடுகிறேன். விலங்குகள் தென்படும் என்ற உறுதி கிடையாது. நாங்கள் காட்டெருதுகளையும், மிளாக்களையும், ஒரு நீர்நாய்க் குடும்பத்தையும் பார்த்தோம். ஆனால் யானையும் புலியும் தென்படவில்லை; யானையின் சாணத்தையும் மரத்தில் புலி கீறிய தடத்தையும் மட்டுமே கண்டோம். இடையில் கழிப்பறை வசதியை எதிர்பார்க்க இயலாது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்ற இறக்கமான நடை கடினமாக இருக்கும். அவர்கள் ஏறத்தாழ மூன்று மணி நேரம் நீளும் குறுநடையைத் தேர்ந்தெடுக்கலாம். வெள்ளை, சிவப்பு போன்ற எடுப்பான நிற ஆடைகளையும் நறுமணத் தைலங்களையும் தவிர்த்துவிடுங்கள். பருவமழைக் காலத்தில் அட்டைகள் மிகுதி. காலுறையை நம்பி அலட்சியமாக இருக்கக் கூடாது.

கரை சேர்ந்து விடைபெறும்போது, யானை பார்க்காமல் போகிறோமே என்று என் மகள் அந்த மூத்தவரிடம் சொன்னாள். கோடையில் ஏரி வற்றி, கரையோரம் புதுப்புல் முளைக்கும்போது யானைகள் குட்டிகளோடு இறங்கும் என்றும், அப்போது வரும்படியும் அவர் சொன்னார். ஏப்ரலில் பள்ளி விடுமுறை தொடங்கியதும் மீண்டும் செல்ல முடிவு செய்திருக்கிறோம்.