பின்பக்க இடது கதவு: கார் பூலிங்கில் இரண்டரை ஆண்டுகள்

கடந்த சனிக்கிழமை பட்டறையில் 7,400 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். காரின் பின்பக்க இடது கதவுக்கு லாக் மாற்றி, தொங்கிப்போன கீல்களைச் சரிசெய்து, ஓரத்து ரப்பர் பீடிங்கைப் புதிதாகப் போட்டதற்கு, பொருளும் கூலியும் சேர்ந்த தொகை அது. அன்று மாலையே நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "நாலு பேராகச் சேர்ந்து போகிறீர்களே, நானும் என் வண்டியில் ஆள் சேர்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். பில் இன்னும் சட்டைப்பையில் இருந்தது. நிதானமாகப் பதில் சொல்ல வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன், நிதானம் முழுவதும் திரும்பிவிட்டதாகச் சொல்ல முடியாது.

ஏற்பாடு எளிமையானது. தாம்பரம் கிழக்கிலிருந்து சிறுசேரி சிப்காட்டுக்கு, வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் போகிறேன். கேம்ப் ரோட்டில் ஒருவர், கௌரிவாக்கத்தில் ஒருவர், மேடவாக்கத்தில் ஒரு பெண் என்று மூவரை ஏற்றிக்கொண்டு, பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகப் போய், மாலையில் அதே வழியில் திரும்புகிறேன். 2023 ஜனவரியில் ஒரு செயலி மூலம் தொடங்கி, இரண்டு மாதங்களில் முகங்கள் பழகியதும் வாட்ஸ்அப் குழுவுக்கு மாறிக்கொண்டோம். மேடவாக்கத்தில் ஏறுபவர், காரில் ஏற்கெனவே தன் அலுவலகத்துக்காரர் ஒருவர் வருவதை உறுதிசெய்துகொண்ட பிறகே சேர்ந்தார். அது முற்றிலும் நியாயமான முன்னெச்சரிக்கை. பெண்கள் சேர வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை அவர்கள் கேட்பதற்கு முன்பே செய்து வைக்க வேண்டும்.

பணத்தில் எனக்குக் குறையே இல்லை. போகவர 50 கிலோமீட்டர், நெரிசலில் லிட்டருக்கு 13 கிலோமீட்டர், நூறு ரூபாயைத் தாண்டிய பெட்ரோல். ஆக ஒரு நாளைக்கு 390 ரூபாய்க்கு எண்ணெய் எரிகிறது. நான்காகப் பிரித்து, சில்லறையைத் தவிர்க்க ஒரு வழிக்கு 50 ரூபாய் என்று வைத்திருக்கிறோம். மூவரும் வரும் நாளில் என் பங்கு 90 ரூபாய்தான். விடுப்பு, வீட்டிலிருந்து வேலை, இடையில் ஒருவர் விலகி வேறொருவர் வரும்வரை காலியாகக் கிடந்த இருக்கை எல்லாவற்றையும் கழித்தாலும், மாதத்துக்குச் சராசரியாக 2,500 ரூபாய், இதுவரை ஏறத்தாழ 75,000 ரூபாய் திரும்பக் கிடைத்திருக்கிறது. தொடக்கத்தில் நாவலூர் சுங்கச்சாவடிக் கட்டணத்தையும் சேர்த்து 60 ரூபாய் வாங்கினேன். 2023 அக்டோபர் 19 அன்று அங்கே கட்டணம் நிறுத்தப்பட்டது, அன்று மாலை இறங்கும்போதே, "இனி 50 தானே சார்?" என்று ஒருவர் கேட்டார். கேட்டதில் தவறில்லை. கேட்டுவிட்டுக் கதவை அறைந்து சாத்தியதில்தான் தவறு.

ஆம், கதவு. இந்த அனுபவத்தில் நான் சொல்ல வேண்டியதெல்லாம் அந்த ஒரு கதவில்தான் வந்து நிற்கிறது.

நம் ஊரில் வண்டி சாலையின் இடப்பக்க ஓரத்தில் நிற்கிறது. பின்னால் உட்காரும் இருவரும் இடது கதவு வழியாகத்தான் ஏறி இறங்க முடியும். ஒருவர் ஏறும்போது ஒரு முறை, அடுத்தவர் ஏறும்போது ஒரு முறை, சோழிங்கநல்லூரில் ஒருவர் இறங்கும்போது ஒரு முறை, சிறுசேரியில் ஒரு முறை என்று ஒரு வழிக்கு நான்கு முறை, ஒரு நாளைக்கு எட்டு முறை அந்தக் கதவு திறந்து மூடப்படுகிறது. வராத நாள்களைக் கழித்துப் பார்த்தாலும் இரண்டரை ஆண்டுகளில் இரண்டாயிரம் முறைக்குக் குறையாது. எதிரே இருக்கும் வலது கதவோ, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கடையிலிருந்து எடுத்து வந்தபோது இருந்த அதே மெல்லிய ஒலியுடன், விரலால் தள்ளினாலே மூடிக்கொள்கிறது. ஒரே காரில் வெவ்வேறு வயதுள்ள இரண்டு கதவுகள்.

எண்ணிக்கை மட்டும் அல்ல, மூடும் விதமும் உண்டு. கேம்ப் ரோட்டில் ஏறுபவர், ஷேர் ஆட்டோவிலிருந்து குதித்து ஓடும் பழக்கத்தில், இறங்கி இரண்டடி நடந்தபிறகு திரும்பிப் பார்க்காமல் கையை வீசுவார். கதவு துப்பாக்கி வெடித்தாற்போல் சாத்திக்கொள்ளும். மேடவாக்கத்துப் பெண்மணி நேர்மாறு. கதவுக்கு வலிக்குமோ என்று அஞ்சுபவரைப் போல ஒட்டவைத்துவிட்டுப் போவார். அது பாதி மட்டும் கவ்வியிருக்கும். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். நான் இறங்கிச் சுற்றிவந்து மறுபடி சாத்த வேண்டும். ஆனாலும் அவர்மீது எனக்குக் கோபம் வந்ததில்லை. முந்தையவர்மீது இரண்டரை ஆண்டுகளாக, நாளுக்கு இரண்டு தவணையாக, கோபம் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

ஏன் அறைகிறார்கள் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கண்டுகொள்ள எனக்குப் பதினெட்டு மாதங்கள் ஆயின. ஏ.சி. ஓடுவதால் எல்லாக் கண்ணாடிகளும் ஏற்றியிருக்கும். கடைசிக் கதவு மூடும்போது உள்ளிருக்கும் காற்றுக்குச் சட்டென்று வெளியேற வழியில்லை. அது கதவை எதிர்த்துத் தள்ளுகிறது, உள்ளே இருப்பவருக்குக் காதில் லேசாக ஓர் அடைப்புகூடத் தெரியும். முதல் முறை மெதுவாகச் சாத்திப் பார்த்து, கவ்வாமல் திரும்பிவந்த கதவை, இரண்டாம் முறை எவரும் ஓங்கித்தான் சாத்துவார்; மூன்றாம் நாளிலிருந்து அதுவே பழக்கமாகிவிடும். அதன்பின், நிறுத்தத்தை நெருங்கும்போதே என் பக்கத்துக் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கிவைக்கத் தொடங்கினேன். வித்தியாசம் உடனே தெரிந்தது. மெதுவாகச் சாத்துபவரின் கதவு முதல் முறையே கவ்வியது. ஓங்கிச் சாத்துபவரின் கதவு, எதிர்ப்பும் இல்லாமல் போனதால், முன்னைவிடப் பலமாக அடித்துக்கொண்டது.

சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். சொல்வது எளிதில்லை. நம் வண்டியில் ஏறியவர் விருந்தாளியா, பங்காளியா, பயணியா என்பது கார் பூலிங்கில் கடைசிவரை தெளிவாவதில்லை. பயணி என்றால் சொல்லிவிடலாம், பங்காளி என்றால் சண்டை போடலாம். விருந்தாளியிடம் என்ன சொல்வது? அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒருமுறை "கொஞ்சம் மெதுவாக, சார்" என்றேன். வண்டியை மெதுவாக ஓட்டப்போவதாக நான் சொல்கிறேன் என்று நினைத்து, "பரவாயில்லை, நேரம் இருக்கிறது" என்றார். கதவின் உட்புறம் 'கதவை மெதுவாக மூடவும்' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பும்போது அதைப் பார்த்த என் மனைவி, "ஏங்க, இது என்ன டி போர்டு வண்டியா?" என்று கேட்டுக்கொண்டே நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டார்.

அந்தக் கேள்வியில் வேடிக்கை மட்டும் இல்லை. டி போர்டு என்றால் வாடகை வண்டி; என்னுடையது ஓன் போர்டு, அதாவது சொந்த உபயோகத்துக்கான வண்டி. தனியார் காருக்கான காப்பீட்டு ஆவணத்தில், வாடகைக்கோ கட்டணத்துக்கோ ஓட்டினால் பாதுகாப்பு கிடையாது என்று அச்சிட்டே இருக்கிறார்கள். 2020 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில், செயலிகள் மூலம் தனியார் கார்களில் பயணம் பகிர்வதற்கு இடம் கொடுத்து, ஊருக்குள் நாளொன்றுக்கு நான்கு பயணம், ஊர் விட்டு ஊருக்கு வாரத்துக்கு இரண்டு என்று வரம்பு வைத்திருந்தார்கள்; மாநில அரசு விரும்பினால் தடுக்கலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் என்னைப் போன்றவர்கள் பிடித்துக்கொண்டிருக்கும் கயிறு ஒன்றுதான்: ஆன செலவைப் பகிர்கிறோம், லாபம் பார்க்கவில்லை. அதனால்தான் பெட்ரோலுக்கும் சுங்கத்துக்கும் மேல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தேன். ஆனால் செலவு என்றால் பெட்ரோல் மட்டும்தானா? டயர், சர்வீஸ், காப்பீடு, கதவு இவையும் கிலோமீட்டருக்கு இத்தனை என்று தேய்கின்றனவே. அவற்றைக் கணக்கில் சேர்க்காத என் பெருந்தன்மை பெருந்தன்மை இல்லை, கணக்குப் போடும் சோம்பல் என்று இப்போது தோன்றுகிறது. கிலோமீட்டருக்கு ஒரு ரூபாயை மட்டும் தேய்மானமாகச் சேர்த்து நான்காகப் பிரித்திருந்தால், ஆளுக்கு ஒரு வழிக்கு ஆறேகால் ரூபாய் கூடியிருக்கும். கதவு வேலையின் செலவு யாருக்கும் தெரியாமலேயே அடைந்திருக்கும்.

அதைச் செய்யாததால், பழுதானபோது கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை. 'ஆளுக்கு 1,850' என்று குழுவில் தட்டச்சு செய்து, அழித்து, மறுபடி தட்டச்சு செய்து, கடைசியில் பில்லின் படத்தை மட்டும் எந்தக் குறிப்பும் இல்லாமல் போட்டேன். மேடவாக்கத்துப் பெண்மணி ஒரு நிமிடத்தில் 500 ரூபாய் அனுப்பிவிட்டார். கௌரிவாக்கத்துக்காரர், முன்னிருக்கையில் உட்காருபவர், அந்தக் கதவைத் தொட்டதே இல்லை. அவர் ஒரு கட்டைவிரல் போட்டார். கேம்ப் ரோட்டுக்காரர் மறுநாள் காலையில் காரில் ஏறிக்கொண்டே, "பழைய வண்டி என்றால் இப்படித்தான் சார், ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

அவர் இல்லாவிட்டால் என் சுற்றுச்சூழல் கணக்கு படுத்துவிடும் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லியாக வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. என் காரின் ஒரு நாள் ஓட்டத்துக்குச் சுமார் 9 கிலோ. மூவரை ஏற்றுவதால் மூன்று கார்களின் புகையை மிச்சப்படுத்துகிறேன் என்று முதல் ஆண்டு முழுவதும் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில் விசாரித்தேன். மேடவாக்கத்துப் பெண்மணி முன்பு மாநகரப் பேருந்தில் போனவர். அவர் ஏறாவிட்டாலும் அந்தப் பேருந்து ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கௌரிவாக்கத்துக்காரர் பைக்கில் போனவர். மிச்சம் நாளுக்கு இரண்டரை கிலோ. தன் சொந்தக் காரை வீட்டில் நிறுத்திவிட்டு வருபவர் கேம்ப் ரோட்டுக்காரர் ஒருவரே. மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்துக் குறுக்கிய பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து நான் உண்மையில் அகற்றியிருக்கும் கார் ஒன்றே ஒன்று, அதன் சொந்தக்காரர்தான் என் கதவை உடைத்தவர். அவருடைய காரின் நான்கு கதவுகளும் வீட்டு வாசலில் நிழலில் நலமாக இருக்கின்றன.

எதிர்பாராத நன்மை ஒன்றும் உண்டு. அதை மழைக்காலத்தில்தான் கண்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், செம்மஞ்சேரி எல்லாம் மூழ்கியபோதும், அதன்பின் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையின்போதும், காலை ஆறரை மணிக்குள் குழுவில் படங்கள் வந்துவிடும்: எங்கே முழங்கால் அளவு, எங்கே டயர் பாதி, வண்டலூர் போய்க் கேளம்பாக்கம் வழியாகச் சுற்றலாமா என்று. எஞ்சினுக்குள் நீர் ஏறி அது நின்றிருந்தால் 7,400 என்பது அதன் பில்லில் ஒரு வரியாக இருந்திருக்கும். ஒருமுறை அப்படி என்னை வீட்டு வாசலிலேயே தடுத்து நிறுத்திய படத்தை அனுப்பியவர் யார் என்று சொல்ல வேண்டாம் என்று பார்த்தேன். கேம்ப் ரோட்டுக்காரர்தான். குடையைப் பிடித்துக்கொண்டு மேடவாக்கம்வரை பைக்கில் ஒருவரோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து அனுப்பியிருந்தார்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். போன பொங்கலுக்குத் திருச்சிக்கு இன்னொருவர் காரில் இருக்கை பதிவு செய்து போனேன். பிரான்சில் 2006-இல் தொடங்கி 2015-இல் இந்தியாவுக்கு வந்த பிளாப்ளாகார் செயலியில்தான். ஓட்டுபவர் லாபம் பார்த்துவிடாதபடி இருக்கைக்கு உச்சவரம்பு வைக்கும் முறை எனக்குப் பிடிக்கும். விழுப்புரத்தில் தேநீருக்கு நிறுத்திவிட்டு மறுபடி ஏறினோம். நான் கடைசியாக ஏறிக் கதவைச் சாத்தியதும், ஓட்டுபவரின் தோள் லேசாக உயர்ந்து இறங்கியதைக் கண்ணாடியில் பார்த்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த தோள் அது. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. உளுந்தூர்பேட்டைவரை வாயைத் திறக்காமல் வந்தேன்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: கார் பூலிங் நல்லது. பணம் மிச்சமாகிறது, மழைக்காலத்தில் துணையாகிறது, சாலையில் ஒரு காராவது குறைகிறது. இரண்டரை ஆண்டுகளில் நான் செய்த உருப்படியான சிக்கனம் இதுவே. நீங்கள் உங்கள் வண்டியில் ஆள் ஏற்ற வேண்டாம். வேறு யாருடைய வண்டியிலாவது ஏறிக்கொள்ளுங்கள். என் வண்டியில் இப்போதைக்கு இடமில்லை. காலியானாலும், நீங்கள் கதவை எப்படிச் சாத்துகிறீர்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்.

பட்டறையிலிருந்து கிளம்பும்போது மெக்கானிக் ஒரு விஷயம் சொன்னார். புது லாக், புது பீடிங். கொஞ்ச நாளைக்கு இறுக்கமாக இருக்கும், கதவைச் சற்று ஓங்கித்தான் சாத்த வேண்டும். இதை நான் இன்னும் குழுவில் சொல்லவில்லை.